ரவுட்டரின் வெளிப்பக்கம்: இணைய இணைப்பின் மேல்நிலை அமைப்புகள், தொடக்கநிலையினருக்கு

வீட்டு ரவுட்டரின் பின்புறத்தில் வரிசையாக இருக்கும் துளைகளுள் ஒன்று மட்டும் பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். அதன்மேல் வான் (WAN) என்றோ இன்டர்நெட் என்றோ எழுதியிருக்கும். மற்ற துளைகளும் வைஃபையும் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கானவை. இந்த ஒரு துளை மட்டும் இணையச் சேவை நிறுவனத்தின் கருவியோடு பேசுகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கங்களும் இதே கோட்டில்தான் இரண்டாகப் பிரிகின்றன. வைஃபையின் பெயர், கடவுச்சொல், வீட்டுக் கருவிகளுக்கு வழங்கும் முகவரிகள் ஆகியவை உள்பக்கத்தைச் சேர்ந்தவை. அங்கே உங்கள் விருப்பமே முடிவு. வெளிப்பக்கத்தில் உள்ள பெரும்பாலான கட்டங்களிலோ எதிர்முனையில் இருக்கும் கருவி எதை எதிர்பார்க்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் நிரப்ப வேண்டும். எந்த எண்ணைப் போட்டால் வேகம் கூடும் என்று தேடிக்கொண்டு இப்பக்கத்தைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

நிறுவனமே கொடுத்த ரவுட்டரை மட்டும் பயன்படுத்துபவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்காமலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடலாம். கடையில் வாங்கிய சொந்த ரவுட்டரைப் பொருத்தும்போதும், சில தளங்கள் மட்டும் பாதி திறந்து நின்றுவிடும்போதும், வீட்டில் உள்ள கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முயன்று முடியாமல் போகும்போதும்தான் இதன் தேவை எழுகிறது.

கை வைப்பதற்கு முன்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய, உலாவியின் முகவரிப் பட்டையில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டச்சு செய்தால் பெரும்பாலும் போதும். அது பலிக்கவில்லையென்றால், கணினியின் பிணைய விவரங்களில் டீஃபால்ட் கேட்வே என்று காட்டப்படும் எண்ணே உங்கள் ரவுட்டரின் முகவரி. மாற்றம் செய்யும் நேரத்தில் வைஃபையை நம்பாமல் கம்பிவழியாக இணைத்துக்கொள்வது நல்லது. தற்போதுள்ள அமைப்பைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி ஏறக்குறைய எல்லா ரவுட்டர்களிலும் உண்டு; அதைச் சேமித்து, வெளிப்பக்க அமைப்புகளைக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் கெட்டுப்போனால் பின்புற ஊசித்துளையை அழுத்தி ரீசெட் செய்துவிடலாம் என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்த ஊசித்துளை உங்கள் பிழையை மட்டும் அழிப்பதில்லை. நிறுவனத்தின் ஆள் வந்து நிரப்பிவிட்டுப் போன பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே அழித்துவிடும், அதன் பிறகு வாடிக்கையாளர் சேவையை அழைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

இணைப்பின் வகை

வெளிப்பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது இணைப்பின் வகையைத் தெரிவுசெய்யும் பட்டியல். அதில் டைனமிக் ஐபி, ஸ்டாட்டிக் ஐபி, பிபிபிஓஇ என்ற மூன்றும் கட்டாயம் இருக்கும். எதிர்முனை எந்த வகையில் பேசுகிறதோ அதுவே சரி. இதில் சிறந்தது, மட்டமானது என்ற பேச்சுக்கே இடமில்லை.

டைனமிக் ஐபி என்பது மிக எளியது. ரவுட்டர் விழித்தவுடன் தனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று கேட்கிறது, எதிர்முனை டிஎச்சிபி என்ற முறைப்படி ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கிக் கொடுக்கிறது. நிரப்புவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டாட்டிக் ஐபியில் முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் ஆகிய நான்கையும் நிறுவனம் எழுதிக் கொடுக்கும். அவற்றைப் பார்த்து நிரப்ப வேண்டும். பெரும்பாலும் தனிக் கட்டணம் செலுத்தி வாங்குபவர்களுக்கு உரியது இது.

பிபிபிஓஇ சற்று விரிவாகப் பேச வேண்டியது. தொலைபேசிக் கம்பியில் எண்ணைச் சுழற்றி இணையத்துக்குள் நுழைந்த காலத்தில், பயனரை அடையாளம் கண்டு கணக்கு வைப்பதற்குப் பிபிபி என்ற நெறிமுறை பயன்பட்டது. பிராட்பேண்ட் வந்து, மோடமும் கணினியும் ஈதர்நெட் கம்பியால் இணைந்த பிறகும், பயனர்பெயர், கடவுச்சொல், கணக்கு என்ற அதே ஏற்பாட்டை நிறுவனங்கள் விட மனமில்லாமல் வைத்துக்கொள்ள விரும்பின. அதனால் பழைய பிபிபியை ஈதர்நெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் முறை 1999இல் ஆர்எஃப்சி 2516 என்ற ஆவணமாக வெளியானது. கடிதத்தை ஓர் உறையிலிட்டு, அதை மற்றோர் உறைக்குள் வைத்து அனுப்புவதற்கு ஒப்பானது இது. இந்த உள்ளுறை பிடித்துக்கொள்ளும் இடத்தைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பிஎஸ்என்எல் நிறுவனத்தின் தொலைபேசிவழி பிராட்பேண்டைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் பழக்கமானவை. ஃபைபர் வந்த பின்னும் பல நிறுவனங்கள் இதே முறையைத் தொடர்கின்றன.

பிபிபிஓஇ இணைப்பு ஏற்படவில்லை என்றால், எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கவனிப்பதே பாதி விடை. ரவுட்டர் முதலில் எதிர்முனையில் யாராவது இருக்கிறார்களா என்று பொதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறது. பதில் வந்த பிறகுதான் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் நீட்டுகிறது. பதிலே வரவில்லை என்று ரவுட்டரின் பதிவேடு காட்டினால், கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து பயனில்லை. கம்பி, ஃபைபர் கருவி, அல்லது அடுத்து நாம் பார்க்கவிருக்கும் விலான் எண், இவற்றில் ஒன்றில்தான் குறை இருக்கிறது. அடையாளச் சரிபார்ப்பு தோற்றது என்று காட்டினால், கம்பியும் விலானும் சரியாக இருக்கின்றன, கணக்கில்தான் சிக்கல் என்று பொருள். விண்டோஸ் கணினியிலிருந்து நேரடியாக இணைத்துப் பார்க்கும்போது 691 என்ற பிழை எண் வருவது இந்த இரண்டாவது வகை. கடவுச்சொல் தவறாக இருக்கலாம், கட்டணம் நிலுவையில் இருக்கலாம், அல்லது பழைய ரவுட்டர் ஏற்படுத்திய அமர்வு எதிர்முனையில் இன்னும் கலையாமல் இருக்கலாம். கடைசிக் காரணமாக இருந்தால், சில நிமிடங்கள் ரவுட்டரை அணைத்துவைத்தாலே தீர்ந்துவிடும்.

இதே பக்கத்தில், எப்போதும் இணைந்திரு, தேவைப்படும்போது இணை, கையால் இணை என்று மூன்று தெரிவுகள் இருக்கும். நிமிடக் கணக்கில் கட்டணம் கட்டிய நாள்களின் மிச்சம் அது. முதலாவதைத் தெரிவுசெய்துவிட்டு மறந்துவிடலாம்.

விலான் எண்ணும் மேக் முகவரியும்

ஒரே ஃபைபர் இழையில் இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி என்று பல சேவைகளை அனுப்பும் நிறுவனம், ஒவ்வொன்றின் தரவிலும் ஓர் எண்ணை ஒட்டி அவற்றைப் பிரித்து வைக்கிறது. இதுவே விலான். எண் 1 முதல் 4094 வரை எதுவாகவும் இருக்கலாம். எது என்பதை நிறுவனம் சொன்னால்தான் தெரியும், ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. சில ஊர்களில் பகுதிக்குப் பகுதிகூட இது மாறும் என்பதால், இணையத்தில் யாரோ எழுதிவைத்த எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது வீண் வேலை.

இங்கே தொடக்கநிலையினர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சுவரில் வந்து சேரும் ஃபைபரின் ஒளியை மின்குறியீடாக மாற்றும் ஓஎன்டி என்ற பெட்டியே விலான் எண்ணை ஒட்டிவிடுவதும் உண்டு. அந்த வேலையை உங்கள் ரவுட்டரிடம் விட்டுவிடுவதும் உண்டு. இருவரில் ஒருவர்தான் ஒட்ட வேண்டும். இருவரும் ஒட்டினாலும், இருவருமே ஒட்டாமல் விட்டாலும் எதிர்முனை பதில் சொல்லாது.

இந்த ஓஎன்டி பெட்டி தானே ரவுட்டராகவும் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். செய்கிறதென்றால், அதன் பின்னால் நீங்கள் பொருத்தும் சொந்த ரவுட்டருக்கு 192.168 என்று தொடங்கும் உள் முகவரியே கிடைக்கும், வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றி அனுப்பும் முகவரி மாற்றம் இருமுறை நடக்கும். சாதாரணமாக இணையத்தைப் பார்ப்பதற்கு இதனால் குறையொன்றும் தெரியாது. இணையவழி விளையாட்டிலும் கேமராவிலும்தான் தெரியும். பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்டால், அது வெறும் மொழிபெயர்ப்பாளராக ஒதுங்கிக்கொள்ளும், பிபிபிஓஇ விவரங்களை உங்கள் ரவுட்டரில் நிரப்ப வேண்டியிருக்கும். நிறுவனம் மறுத்தால் இருமுறை மாற்றத்தோடு வாழ்வதும், சொந்த ரவுட்டரை வெறும் வைஃபை வழங்கும் கருவியாக மாற்றிக்கொள்வதும் எஞ்சியுள்ள வழிகள். என்னைக் கேட்டால் இரண்டாவது வழியில் தலைவலி குறைவு.

மேக் முகவரி என்பது ஒவ்வொரு பிணையக் கருவிக்கும் உரிய பன்னிரண்டு இலக்க அடையாளம். சில நிறுவனங்கள், முதலில் இணைந்த ரவுட்டரின் மேக் முகவரியை உங்கள் கணக்கோடு பிணைத்துவிடும். புது ரவுட்டரில் எல்லாம் சரியாக நிரப்பியும் இணைப்பு வரவில்லையென்றால் இதையும் சந்தேகிக்கலாம். பழைய ரவுட்டரின் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் முகவரியை மேக் குளோன் என்ற கட்டத்தில் எழுதிப் பார்க்கலாம். ஆனால் அடியில் அச்சிட்டிருப்பது வெளிப்பக்கத் துளையின் முகவரியிலிருந்து ஓரிரு இலக்கம் வேறுபடலாம் என்பதால், நிறுவனத்தை அழைத்துப் புது முகவரியைப் பதிவு செய்யச் சொல்வதே நேரான வழி.

எம்டியூ: எட்டு பைட்டுகளின் கதை

வெளிப்பக்கத்தில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எம்டியூ என்ற கட்டம்தான். இணையத்தில் தரவு பொதிகளாகப் பயணிக்கிறது. ஒரு பொதி அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதே எம்டியூ. ஈதர்நெட்டில் இது 1500 பைட்டு. பிபிபிஓஇ இணைப்பில் முன்பு சொன்ன உள்ளுறைக்கு 8 பைட்டு போய்விடுகிறது. வெளியுறையின் அளவு மாறாததால் உள்ளே இருக்கும் பொதிக்கு 1492 மட்டுமே மிஞ்சுகிறது. டைனமிக் ஐபி இணைப்பில் இந்த இழப்பு இல்லை. அங்கே 1500 அப்படியே இருக்கும். விலான் எண்ணுக்கென்று 4 பைட்டு ஒட்டப்பட்டாலும், அதற்கு இடம் கொடுக்கும்படி ஈதர்நெட்டின் வெளியுறையே சற்றுப் பெரிதாக்கப்பட்டிருப்பதால் அது எம்டியூவைக் குறைப்பதில்லை.

எட்டு பைட்டு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். வீட்டுக் கணினிக்கு ரவுட்டர் வரை 1500 தெரிகிறது. தொலைவில் உள்ள தளத்தின் கணினிக்கும் தன் பக்கம் 1500 தெரிகிறது. நடுவில் ஓரிடம் மட்டும் குறுகியிருப்பது இருவருக்கும் தெரியாது. அந்தத் தளம் 1500 பைட்டுப் பொதியைத் துண்டாக்கக் கூடாது என்ற குறிப்புடன் அனுப்பும்போது, குறுகிய இடத்தில் நிற்கும் கருவி அதைத் தூக்கியெறிந்துவிட்டு, பொதி பெரிதாக இருக்கிறது, இவ்வளவுக்குக் குறை என்று அனுப்பியவருக்கு ஒரு செய்தி விடுக்க வேண்டும். 1990இல் வகுத்த ஏற்பாடு இது. இந்தச் செய்தி ஐசிஎம்பி என்ற வகையைச் சேர்ந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை முழுவதுமாக அடைத்துவைக்கும் நிர்வாகிகள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே செய்தி போய்ச் சேராது, அனுப்பியவர் அதே பெரிய பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார், அது ஒவ்வொரு முறையும் காணாமல் போகும்.

பயனருக்கு இது வினோதமான நோயாகத் தெரிகிறது. பிங் என்ற சிறு சோதனைப் பொதிக்குப் பதில் ஒழுங்காக வருகிறது, பெரும்பாலான தளங்கள் திறக்கின்றன, ஆனால் ஏதோ ஒரு வங்கியின் நுழைவுப் பக்கமோ அலுவலக விபிஎன் இணைப்போ சுழன்றுகொண்டே நிற்கிறது. சிறிய பொதிகள் போய்வருகின்றன, பெரியவை மட்டும் விழுங்கப்படுகின்றன என்பதே இதன் விளக்கம். கைப்பேசியின் மொபைல் தரவில் அதே பக்கம் உடனே திறந்தால், தளத்தின் மேல் பழிபோடாமல் எம்டியூவைச் சந்தேகிக்கலாம்.

இதைத் தவிர்ப்பதற்கு ரவுட்டர்களில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற ஏற்பாடு உண்டு. இரு கணினிகள் டிசிபி முறையில் உரையாடலைத் தொடங்கும்போதே, என்னால் இவ்வளவு பெரிய தரவுத் துண்டை ஏற்க முடியும் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு தன்னைக் கடந்து போகும்போது ரவுட்டர் எண்ணைத் திருத்திவிடுகிறது. தலைப்புப் பகுதிகளுக்கு 40 பைட்டு போவதால், 1492க்கு 1452 என்று ஆகிறது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் பிபிபிஓஇயைத் தெரிவுசெய்தவுடன் இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் இக்குறையைப் பலர் வாழ்நாளில் சந்திப்பதே இல்லை.

உங்கள் இணைப்பின் சரியான எம்டியூவை ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே பார்க்கலாம். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளையோடு, துண்டாக்காதே என்பதற்கான எஃப் என்ற எழுத்தையும், அளவைக் குறிப்பதற்கான எல் என்ற எழுத்தையும், இரண்டுக்கும் முன்னால் சிறுகோடு இட்டு, ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகச் சேர்த்து, 1472 என்ற அளவில் 8.8.8.8 போன்ற ஒரு முகவரிக்கு அனுப்புங்கள். தலைப்புகளின் 28 பைட்டு தனியாகச் சேரும் என்பதால் இது 1500 பைட்டுப் பொதி. பதில் வந்தால் உங்கள் வழியில் 1500 முழுமையாகச் செல்கிறது. துண்டாக்க வேண்டியிருக்கிறது என்று பிழை வந்தால் 1464 போட்டுப் பாருங்கள். அது சென்றால் 1492 சரி. அதுவும் செல்லாவிட்டால் எண்ணைச் சிறிது சிறிதாகக் குறைத்து, செல்லக்கூடிய மிகப் பெரிய அளவைக் கண்டுபிடித்து 28ஐக் கூட்டினால் எம்டியூ கிடைக்கும். எண்ணை 1400 என்று குறைத்தால் வேகம் கூடும் என்று சொல்லும் காணொளிகளுக்குக் குறைவில்லை. எம்டியூ தவறாக இருந்த இடத்தில் அது நோயை நீக்கியிருக்கலாம். சரியாக இருந்த இணைப்பில் அதே தரவைக் கூடுதல் பொதிகளாக அனுப்ப வைப்பதைத் தவிர அது ஒன்றும் செய்வதில்லை.

டிஎன்எஸ்

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையே டிஎன்எஸ். வெளிப்பக்கத்தில் எதிர்முனையின் சம்மதம் இல்லாமல் நீங்களே மாற்றிக்கொள்ளக்கூடிய மிகச் சில கட்டங்களுள் இது ஒன்று. தானாகப் பெறு என்று விட்டால் நிறுவனத்தின் சேவை. கையால் நிரப்பினால் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9 போன்றவற்றுள் ஒன்று. நிறுவனத்தின் டிஎன்எஸ் அடிக்கடி படுத்துவிடும் இடங்களில் இம்மாற்றம் உண்மையிலேயே நிம்மதி தரும். பதிவிறக்க வேகத்தை இது கூட்டாது. நிறுவனம் தன் பிணையத்துக்குள்ளேயே வைத்திருக்கும் காணொளிச் சேமிப்பகத்தை நோக்கி அனுப்பும் வேலையை அதன் சொந்த டிஎன்எஸ் நன்றாகச் செய்துகொண்டிருந்தால், மாற்றிய பிறகு சில காணொளிகள் தொலைவிலிருந்து வரக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வெளி முகவரி உண்மையில் யாருடையது

இணைய முகவரியின் பழைய முறையான ஐபிவி4இல் இருக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். உலக அளவிலான கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. அதனால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்குச் சிஜிநேட் என்று பெயர். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டப்படும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எதனோடும் தொடங்கினால், 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதியில் நீங்கள் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் நிலைமை ஏறக்குறைய அதுவே.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பதற்காக, வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதிகளை எழுதி மணிக்கணக்கில் மல்லாடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கும்போது, வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரைக்கும் வந்து சேர்வதே இல்லை. உள்ளே எத்தனை விதிகள் எழுதினாலும் பயனில்லை. பொது முகவரியைக் கட்டணம் கட்டி வாங்கலாம், கேமராவே வெளியே சென்று இணைந்துகொள்ளும் சேவையைப் பயன்படுத்தலாம், அல்லது முகவரிகளுக்குப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6ஐ நாடலாம்.

இந்தியாவில் ஐபிவி6 இன்று பரவலாகக் கிடைக்கிறது. வெளிப்பக்கத்தில் அதற்கெனத் தனி அமைப்பு இருக்கும். நிறுவனம் வழங்குகிறதென்றால் அதை இயக்கி, வீட்டுக்கு ஒரு முகவரித் தொகுதியைக் கேட்டுப் பெறும் பிரிஃபிக்ஸ் டெலிகேஷன் என்ற தெரிவையும் இயக்க வேண்டும். அது இல்லாமல் ரவுட்டருக்கு மட்டும் முகவரி கிடைத்து, உள்ளே இருக்கும் கருவிகள் வெறுங்கையோடு நிற்கும். இம்முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் முகவரி கிடைப்பதால், வெளியிலிருந்து அழையாமல் வருவதைத் தடுக்கும் ஐபிவி6 ஃபயர்வால் ரவுட்டரில் இயங்குகிறதா என்று அவசியம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபிவி4இல் முகவரி மாற்றமே தற்செயலாக ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தது; இங்கே அந்தக் கதவு இல்லை.

அதே பக்கத்தின் அருகிலேயே, வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி ஒன்று இருக்கும். தெளிவான தேவை இல்லாதவரை அதை அணைத்தே வையுங்கள். நிறுவனம் கொடுத்த கருவியில் டிஆர்069 என்ற பெயரில் ஓர் இணைப்பு தனியாகக் காணப்பட்டால், அது நிறுவனம் தொலைவிலிருந்து அமைப்புகளை அனுப்பும் வழி. நீங்கள் மாற்றியது மறுநாள் பழையபடி ஆகியிருந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. கருவி அவர்களுடையது என்பதால், அதை அழிப்பதற்கு முன் அவர்களிடம் பேசுவதே முறை.

எல்லாக் கட்டங்களும் சரியாக இருந்தும் நாளுக்குப் பலமுறை இணைப்பு அறுந்தால், அமைப்புப் பக்கத்தை விட்டுவிட்டு ஓஎன்டியின் நிலைப் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவைப் பாருங்கள். வீட்டு ஃபைபரில் வழக்கமான ஜிபான் வகைக் கருவிகளுக்கு அது, ஒளியின் வலிமையைக் குறிக்கும் டிபிஎம் என்ற அலகில், மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை இருக்கலாம். மைனஸ் 27ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ இருந்தால் எங்கோ இழை மடங்கியிருக்கிறது அல்லது இணைப்புமுனையில் அழுக்கு படிந்திருக்கிறது. எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை. இரண்டுக்கும் ரவுட்டரில் மாற்றுவதற்கு எதுவுமில்லை; அந்த எண்ணைச் சொல்லி லைன்மேனை வரச் சொல்ல வேண்டியதுதான்.